என் மகள் படுக்காத கட்டில்

என் மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, அவளை என் ஓரகத்தியிடமிருந்து மீட்பதற்காக நான் ஒரு கட்டில் வாங்கினேன். வீட்டுக்காரரிடம் அப்படிச் சொல்லவில்லை. “பிள்ள வளர்றா இல்ல, அவளுக்குன்னு ஒரு கட்டில் வேணும்” என்று மட்டும்தான் சொன்னேன். ஆனால் இத்தனை நாள் கழித்து உட்கார்ந்து எழுதும்போது பொய் எதற்கு? பொறாமைதான் காரணம். வயிறு அப்படி எரிந்துகொண்டிருந்த காலம் அது.

நாங்கள் மலேசியாவில், ஜொகூரின் கெலாங் பாத்தாவில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே தாமான் முனைக்கு வந்துவிடும். திரும்பி வர இரவு எட்டாகும்; பாலத்தில் நெரிசல் என்றால் அதற்கும் மேல். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். பேறுகால விடுப்பு முடிந்ததும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! வீட்டுக்காரரின் அண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வரிசை தள்ளி இருந்தது. அண்ணனின் மனைவி, அதாவது நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, “வெளி ஆளுக்கிட்ட எதுக்கும்மா விடுற? நான் சும்மாதானே இருக்கேன், கொண்டாந்து விடு” என்றார். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவருக்கு நன்றி சொன்னேன்.

முதலில் பகலில் மட்டும்தான் விட்டோம். எட்டு மணிக்கு நான் போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். தூக்கினால் சிணுங்குவாள். “எதுக்கும்மா தூங்குற பிள்ளைய எழுப்புற, விடியக்காலையில திரும்பவும் இங்கதானே தூக்கிட்டு வரணும், இருக்கட்டும் லா” என்பார் அக்கா. நியாயமான பேச்சுதான். ஒரு நாள் விட்டேன், இரண்டு நாள் விட்டேன். கடைசியில் திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளை அங்கேயே தூங்குவது என்று ஆகிவிட்டது. சனி, ஞாயிறு மட்டும் எனக்கு.

அவள் முதல் முதலில் நடந்ததை நான் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். பத்து மணி டீ நேரத்தில் வீடியோ வந்தது. கேண்டீனில் இருந்த எல்லோருக்கும் காட்டினேன். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி கை தட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். வீடியோவில் பிள்ளை நடந்து போய் விழுந்தது யார் மடியில்? அக்காவின் மடியில்.

“இன்னிக்கு பாப்பா மூணு தோச சாப்பிட்டா” என்று ஒரு நாள் சொன்னார். மூன்று தோசை! என் வீட்டில் அரைத் தோசையைத் தொண்டைக்குள் அனுப்ப நான் காக்கா, குருவி, லோரி எல்லாவற்றையும் கூப்பிட வேண்டும். தோசைக்கெல்லாம் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்பீர்கள். படுவாள். நான் பட்டேன். அந்தச் சனிக்கிழமையே அவர் வாங்கும் அதே கடையில் மாவு வாங்கி, அவரைப் போலவே மெல்லிசாக ஊற்றிக் கொடுத்தேன். பிள்ளை ஒரு வாய் வாங்கி, வெளியே எடுத்து, தட்டின் ஓரத்தில் மரியாதையாக வைத்தாள்.

இதையெல்லாம்கூட விழுங்கிவிடுவேன். சனிக்கிழமை காலைகளில் அவள் தூக்கம் கலைந்து கண்ணைத் திறக்காமலே கூப்பிடும் பெயர்தான் தாங்காது. “பெரிம்மா...” என்பாள். பக்கத்தில் படுத்திருப்பது நான்.

அக்கா கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஒரு சண்டை போட்டு உறவை முறித்துக்கொண்டு வேறு ஆள் பார்த்திருப்பேன். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு நகம் வெட்டி, பேன் பார்த்து, பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளை போலப் பாட்டெல்லாம் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். அவருக்கு இரண்டு பையன்கள். பெரியவன் பினாங்கில் படிக்கிறான், சின்னவன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா மூவாரில் மேசை, கட்டில் செய்யும் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர், பாகங்களை இணைத்துக் கட்டில் பூட்டும் பிரிவில். எந்த வீட்டுக்குப் போனாலும் மேசையைத் தட்டிப் பார்ப்பார், நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பார். “இது ரப்பர் மரம்”, “இது வெறும் தூளு அட்டை, மழை பட்டா பொங்கிடும்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அந்த விஷயத்தில் அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போது கம்பெனியில் என்னை அலுவலக நேரத்துக்கு மாற்றினார்கள். இனி காலையில் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பலாம், ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். பஸ்ஸில் வரும்போதே திட்டம் போட்டுவிட்டேன். இரவில் பிள்ளை நம் வீட்டில்தான் தூங்க வேண்டும். காலையில் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டில் விட்டால் போதும். அதற்கு முதலில் பிள்ளைக்கு நம் வீட்டின் மேல் ஆசை வர வேண்டும். அக்கா வீட்டில் கூடத்தில் விரிக்கிற ஒரு பழைய மெத்தை தவிர என்ன இருக்கிறது? நான் ராணி மாதிரி ஒரு கட்டில் வாங்கிப் போடுகிறேன், பார்.

ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் பிள்ளைகளுக்கான தளவாடங்கள் மட்டுமே விற்கிற கடை. அங்கேதான் அது நின்றுகொண்டிருந்தது. இளஞ்சிவப்பு நிறம், தலைமாட்டில் இரண்டு முயல் காதுகள், நடுவில் புத்தகம் வைக்க ஒரு தட்டு. விற்பனைப் பெண் ஒரு கைப்பிடியை இழுத்தாள். கட்டில் மடங்கிச் சோபா ஆனது. இன்னொரு முறை தூக்கினாள். மேசையும் பெஞ்சும் ஆனது. திரும்ப அமுக்கினாள், ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டு கட்டிலாகிவிட்டது. “மூணு சாமான் ஒண்ணுல காக், பத்து வயசு வரைக்கும் கவலையில்ல” என்று மலாயில் சொன்னாள்; ‘காக்’ என்றால் அக்கா. பத்து வயது வரைக்கும்! அதைக் கேட்டதும் எனக்குப் பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

கடைக்காரர்களே வந்து பூட்டிக் கொடுப்பார்கள், ஆனால் வார நாளில் பகலில்தான் வருவார்கள். வார நாளில் பகலில் வந்தால் கதவைத் திறக்க யார் இருப்பார்? அக்காதான் சாவி வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். என் பிள்ளையின் கட்டிலை முதலில் பார்ப்பதும் அவராகவா இருக்க வேண்டும்? வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாமான் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு பூட்டினோம்.

அந்தச் சின்ன அறையில் ஒரு பக்கம் பெரிய அலமாரி, ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஜன்னல். கட்டில் போட ஒரே ஒரு சுவர்தான் மிச்சம். சோபா ஆகும்போது முதுகு சுவர்ப் பக்கம் வர வேண்டும் என்பதால் அதைத் திருப்பிப் போடவும் வழியில்லை. வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து, முயல் காதுப் பலகையை இடது பக்கம் தூக்கி வைத்தார். நான் கைப்பேசியில் திசை பார்த்தேன். இடது பக்கம் வடக்கு.

“அலமாக், வடக்க தலை வச்சா பிள்ளைய படுக்க வைப்பீங்க? அந்தப் பக்கம் மாட்டுங்க” என்றேன்.

“மேனுவல்ல இந்தப் பக்கம்னு போட்டிருக்கு லா.”

“மேனுவல் எழுதுனவனுக்கு வடக்கு தெற்கு தெரியுமா? துளை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?”

ஒரே மாதிரிதான் இருந்தது. நல்லபடியாகப் பொருந்தவும் செய்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு வடக்கைப் பற்றிய பயத்தைவிட அக்காவைப் பற்றிய பயம்தான் அதிகம். உள்ளே நுழைந்ததும் அவர் கண் முதலில் அங்கேதான் போகும், “ஏம்மா, வடக்க தலைய வச்சிருக்க?” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் ராணிக் கட்டில் அவ்வளவுதான். அலமாரியை நகர்த்தலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அதற்குள் மணி நாலாகிவிட்டது. நகர்த்த வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் அக்கா பிள்ளையின் துணிப் பையைக் கொடுக்க வந்தார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அறைக் கதவைத் திறந்து காட்டினேன். அவர் கட்டிலைச் சுற்றி வந்தார். முயல் காதைத் தடவினார். குனிந்து அடியில் பார்த்தார். தலைமாட்டுத் தூணில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். எங்கே நொட்டை சொல்லப் போகிறாரோ என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மரம் நல்ல மரம்தான்” என்றார். அதோடு சரி. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்கு ஆனந்தம் என்றால் ஆனந்தம்! பார்த்தீங்களா, அக்காவுக்குப் பேச்சே வரல என்று வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்தேன். முயல் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓரமாக உருண்டாள். அவ்வளவுதான், பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெத்தையோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் பயந்துவிட்டாள். வீறிட்டு அழுதவள், “பெரிம்மாகிட்ட போலாம்” என்று ஆரம்பித்தாள். நான் மடியில் போட்டேன், தோளில் போட்டேன், பாட்டுப் பாடினேன், கார்ட்டூன் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் அக்காவுக்குப் போன் அடித்தார். அக்கா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டியதும் அழுகை நின்றுபோனது எனக்கு உள்ளே வரை கேட்டது.

மறுநாள் என் கோபம் முழுவதும் கடைக்காரன் மேல் திரும்பியது. அவன் கெட்ட நேரம்.

முதலில் வாட்ஸ்அப்பில் எழுதினேன். “ஹாய் டியர், கேக்கவே கஷ்டமா இருக்கு” என்று பதில் வந்தது, அழுகிற பொம்மை ஒன்றோடு. படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். வீடியோ அனுப்பச் சொன்னார்கள். அரிசி மூட்டையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து அது கவிழ்வதை வீடியோ எடுத்து அனுப்பினேன். “பூட்டு சரியா விழலன்னு தெரியுது, இன்னும் கொஞ்சம் பலமா அமுக்கிப் பாருங்க டியர்” என்றார்கள். அமுக்கி அமுக்கி வீட்டுக்காரரின் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். சனிக்கிழமை நேரில் போனேன். கடையில் வேறு ஒரு அம்மா, அதே மாதிரி சாமான் சோபாவிலிருந்து திரும்ப வரமாட்டேன் என்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். இரண்டு பேருமாகக் கத்தியதில் பலூன் வாங்க வந்தவர்கள் கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மாற்றிக் கொடுக்க முடியாது, அவர்கள் ஆள் பூட்டவில்லை, அதனால் ஆள் வந்து பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும், அந்த ஆளுக்கும் வரிசை நிற்கிறது என்றார்கள். ஏழு வாரம் ஓடியது. தொழிற்சாலையில் நான் செய்கிற வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். ஒரு புள்ளி அளவு கீறலுக்கு ஒரு பெட்டி சாமானையே திருப்பி அனுப்புகிறவள் நான். என்னிடமா இவர்கள் விளையாடுகிறார்கள்? புத்தகத் தட்டு உரசுவது, வார்னிஷ் வாசனை, முயல் காதில் ஒன்று மற்றதைவிட அரிசி அளவு சின்னது என்று இல்லாத குறையெல்லாம் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

இந்த ஏழு வாரமும் பிள்ளை பழையபடி அக்கா வீட்டில்தான் தூங்கினாள். ஏழு மணிக்கே வந்துவிட்டாலும் நான் அங்கே போய் அவளோடு அரை மணி நேரம் விளையாடிவிட்டு, தூக்கம் வருகிற நேரத்தில் விருந்தாளி மாதிரி எழுந்து வருவேன். வாசல்வரை வந்து அக்கா தினமும் ஒரே கேள்வி கேட்பார்: “கட்டில் சரியாச்சாம்மா?” இல்லை அக்கா என்பேன். “அப்படியா” என்பார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவது என்று முடிவு செய்து விண்ணப்பப் பாரம் எடுத்து வந்தேன். மலாயில் நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, வாங்கிய சாமான், அதிலுள்ள குறை எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிவிட்டேன். இழப்பு என்னவென்று எழுதுகிற இடம் வந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ‘அனாக் சாயா’ என்று எழுதினேன். என் பிள்ளை.

வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என்ன எழுதி வச்சிருக்க? பிள்ளையக் கடைக்காரனா தூக்கிட்டுப் போனான்?” என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம், பாரத்தை நாலாகக் கிழித்துப் போட்டேன். அவர் கிழிந்ததைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, “பசியாறிட்டுப் பேசலாம், வா” என்றார். அவருக்குக் கோபமே வராது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

அடுத்த சனிக்கிழமை கடையின் ஆள் ஒருவழியாக வந்தார். பிள்ளையை அன்று அக்கா வீட்டிலேயே விட்டிருந்தோம். வந்தவர் நம் தமிழ் ஆள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பில் ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். நான் அச்சடித்து வைத்திருந்த மின்னஞ்சல் கட்டை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. அறை வாசலில் நின்றபடியே கட்டிலைப் பார்த்தார்.

“தங்கச்சி, இத யாரு மாட்டுனது?”

“நாங்கதான். ஏன்?”

“தலைமாட்டக் கால்மாட்டுல மாட்டி வச்சிருக்கீங்க.” ஜன்னல் பக்கம் போய் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். திரும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு. “அந்தப் பக்கம் வடக்கா? வடக்க தலை வைக்கக்கூடாதுன்னு மாத்திட்டீங்க. எனக்கு இதோட நாலாவது கேஸு. இந்தத் தப்பு நம்ம ஆளுங்க வீட்ல மட்டும்தான் லா வரும்.”

“துளை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு!” என்றேன் விடாமல்.

“துளை ஒண்ணுதான் தங்கச்சி. பூட்டு தலைமாட்டுத் தூண்லதான் இருக்கு. அந்தத் தூணு மத்ததவிட ஒரு விரல் தடிமன். தூணு இடம் மாறிப்போனா பூட்டு எதப் பிடிக்கும்? காத்தப் பிடிக்கும்.”

அவரும் வீட்டுக்காரரும் அலமாரியை எதிர்ச் சுவருக்குத் தள்ளினார்கள். கட்டிலைக் கழற்றி, புதிய மூலையில் தலைமாடு தெற்கே வருகிற மாதிரி மாட்டினார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அமுக்கினார், கடையில் கேட்ட அதே ‘டிக்’. அவரே ஓரத்தில் ஏறி உட்கார்ந்து குலுங்கிக் காட்டினார். கட்டில் அசையவில்லை.

ஏழு வாரம். முப்பதுக்கு மேல் மின்னஞ்சல். கடை நடுவில் நின்று கத்தினேனே! வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என்னைத் தேற்றுகிறேன் என்று ஒன்று சொன்னார். “உங்களுக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? நான் மூவார் ஃபேக்டரியில கத்துக்கிட்டவன். அங்க கட்டில் பூட்டுன ஆளுங்க யாரா இருந்தாலும் தூணத் தொட்டாலே சொல்லிடுவாங்க.”

மூவார். கட்டில் பூட்டுகிற ஆள். தூணைத் தொட்டால்.

அவர் லோரி தெருவைத் தாண்டுவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் பின்னால் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை. காலில் ஒன்று என் செருப்பு, மற்றது அவருடையது என்பதே அக்கா வீட்டு வாசலில் கழற்றும்போதுதான் தெரிந்தது.

பிள்ளை கூடத்து மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். “வாம்மா, பாப்பா இப்பதான்...” என்று தொடங்கினார்.

“அக்கா, கட்டில் தலைமாடு மாறியிருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

அவர் கை நின்றது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பினாலும் நம்பியிருப்பேன்.

“தெரியும்” என்றார்.

“எப்ப?”

“அன்னிக்கே. தூணத் தொட்டப்பவே.”

“பிள்ள விழுந்தா அக்கா! தெரிஞ்சும் வாயத் திறக்காமப் போனீங்களே, நீங்கல்லாம் மனுஷியா?”

“விழுவான்னு நெனக்கல. பூட்டு பிடிக்காது, ஆடும், அவ்வளவுதான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல, சொல்லிடலாம்னு போன எடுத்தேன். அதுக்குள்ள உங்க வீட்டுலருந்தே போன் வந்திருச்சு.” நெத்திலித் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் அவ இங்க வந்து படுத்துக்கிட்டா. வாய் வரல.”

“ஏழு வாரம்! ஊர்ல உள்ளவன்கிட்டெல்லாம் சண்ட போட்டு நான் பைத்தியக்காரி மாதிரி அலையுறேன். நீங்க தெனமும் வாசல்ல நின்னு ‘சரியாச்சா, சரியாச்சா’ன்னு கேட்டீங்களே, எதுக்குக் கேட்டீங்க?”

“நீ இல்லன்னு சொன்னா அன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன். அதுக்குத்தான்.”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையில் மீன், துடைக்க முடியாமல் புறங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். “பையனுங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தா வைஃபை பாஸ்வேர்டு மட்டும்தாம்மா கேக்குறானுங்க. நீ மறுபடி பழைய வேலை நேரத்துக்கே போய்ட்டா நல்லாருக்கும்னுகூட நெனச்சிருக்கேன். உன்னப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. ஒண்ணுமே செய்யாம வர்ற, ‘அம்மா’ன்னு ஓடுறா. நான் என்ன செஞ்சாலும் பெரிம்மாதானே.”

எனக்குக் கோபம் ஒரு கணம் மறந்துபோனது. பிறகு, சொல்லக் கூசுகிறது, சந்தோஷமாக இருந்தது. அவருக்கு என்மேல் பொறாமை! மூன்று தோசை ஊட்டுகிறவருக்கு, முதல் நடையைப் பார்த்தவருக்கு, என்மேல்! அதெல்லாம் ஒரு நொடிதான். அதற்குப் பின்னாலேயே கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஒண்ணுமே செய்யாம வர்றேனா? இத்தனை வருடம் விடியாத நேரத்தில் பஸ் ஏறி, கால் கடுக்க நின்று, வேலை முடிந்ததும் பாலத்தில் ஆயிரம் பேரோடு முட்டி மோதி வருகிறேனே, அது ஒன்றுமில்லையா? இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவ்வளவையும் கத்தினேன். இனிமேல் பிள்ளையை இந்த வாசல் மிதிக்க விடமாட்டேன் என்றும் கத்தினேன்.

பிள்ளை எழுந்துவிட்டாள். முடி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்க, சமையலறை நிலைப்படியில் வந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரிடம் போவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தரையில் முட்டி போட்டுக் கையை நீட்டினேன்.

என்னிடம்தான் வந்தாள். வந்து, தன் உள்ளங்கையை என் வாயின்மேல் வைத்துப் பொத்தினாள்.

“கத்தாதம்மா. பெரிம்மா அழுவுறாங்க” என்றாள்.

வந்தது என்னிடம், பேசியது அவருக்காக. அந்தக் கையில் தூக்கத்தின் சூடு இருந்தது. கட்டில் சரியாகிவிட்டது. இனி கடைக்காரனைத் திட்ட முடியாது. பூட்டையும் தூணையும் வடக்கையும் துணைக்கு இழுக்க முடியாது. இன்று ராத்திரி அந்தக் கட்டிலில் இவளைப் படுக்க வைத்தால், அதன் பிறகு நான் என்ன செய்ய வேண்டும்? அது எனக்குத் தெரியவில்லை. சனி, ஞாயிறில் கார்ட்டூன் பார்த்தபடி அவளாகவே அசந்து தூங்கிவிடுவாள். மூன்று வருடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை இவள் எப்படித் தூங்கிப் போகிறாள் என்று நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

அவள் கையை மெதுவாக விலக்கினேன்.

“எப்படி அக்கா தூங்க வைப்பீங்க? எனக்குத் தெரியாது” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவருக்கும் அந்த யோசனை வந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து, சவர்க்காரம் போட்டு, மீன் வாடை போகும்வரை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எங்களைக் கூடத்துக்குக் கூட்டி வந்தார். பாதித் தூக்கத்தில் இருந்த பிள்ளை தானாகவே மெத்தையில் சரிந்துகொண்டாள்.

“முதுகத் தட்டக்கூடாது, கோவம் வரும். பாட்டு வேணாம். இடது காது மடலு. ரெண்டு விரலால, மேலருந்து கீழ. அவ்வளவுதான்.”

என் கையைப் பிடித்து எடுத்து அவள் காதில் வைத்தார். வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளை கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள். பழக்கமில்லாத விரல். தட்டிவிட்டாள். மறுபடியும் வைத்தேன்.